கம்பைலர் வரிக்கு வரி மொழிபெயர்ப்பதில்லை

கேள்வி இதுதான்: சி மொழியில் எழுதிய ஒரு சிறிய ஃபங்ஷனை உகப்பாக்கம் (நிரலை வேகமாக்கும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் பன்னிரண்டு அசெம்பிளி கட்டளைகள் (செயலியின் கட்டளைகளின் எழுத்து வடிவம்) வருகின்றன, உகப்பாக்கம் கேட்கும் -ஓ2 தேர்வைக் கொடுத்தால் மூன்றே வருகின்றன, அவற்றில் நாம் எழுதிய பெருக்கலையும் காணவில்லை. அப்படியானால் ஒவ்வொரு வரியையும் எதை வைத்துக்கொண்டு கம்பைலர் அசெம்பிளியாக மாற்றுகிறது? நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில் ஓட்டும்போது வரிகள் ஏன் முன்னும் பின்னும் தாவுகின்றன?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வரி என்பது நமக்குத்தான் அலகு. கம்பைலருக்கு அது பிழைச்செய்தியில் அச்சிடுவதற்கும் டீபக்கருக்குச் சொல்வதற்கும் உரிய ஒரு குறிப்பு மட்டுமே. நீங்கள் எழுதியதைக் கம்பைலர் முதலில் எழுத்து வடிவிலிருந்து பிரித்தெடுத்துத் தனக்கென ஒரு வடிவத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த வடிவம் எந்த விடையைத் தர வேண்டுமோ அதே விடையைத் தரும் கட்டளைத் தொடரைப் பிறகு புதிதாகக் கட்டுகிறது. இதனால் நிரலின் வரிகளுக்கும் கட்டளைகளுக்கும் இடையில் ஒன்றுக்கு ஒன்று என்ற உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கேள்வியில் உள்ளதைப் போன்ற ஒரு ஃபங்ஷனையே கடைசிவரை பின்தொடர்வோம்.

இன்ட் கூலி(இன்ட் மணி, இன்ட் படி)
{
    ரிட்டர்ன் மணி * 5 + படி;
}

படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கோப்பில் இன்ட், ரிட்டர்ன் ஆகியவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் மாறிகளுக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழ்ப் பெயர் வைத்தால் கிளாங் என்ற கம்பைலர் அப்படியே ஏற்கும். ஜிசிசி என்ற கம்பைலரும் 2020இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் ஏற்கிறது.

கோப்பு கம்பைலரின் கைக்கு வரும்போது அது வெறும் எழுத்துகளின் தொடர். அதைச் சொற்களாகப் பிரிப்பது முதல் வேலை. ரிட்டர்ன் தொடங்கி அரைப்புள்ளி வரை உள்ள பகுதி ஏழு டோக்கன்களாகப் பிரிகிறது: ரிட்டர்ன், மணி, பெருக்கல் குறி, 5, கூட்டல் குறி, படி, அரைப்புள்ளி. இடைவெளிகளும் குறிப்புரைகளும் இந்தக் கட்டத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. இந்த வேலையில் நினைவில் வைக்கத்தக்க விதி ஒன்றுதான்: எந்த இடத்திலும் இயன்ற அளவு நீளமான டோக்கனையே எடுக்க வேண்டும். அ+++ஆ என்று எழுதினால் அது அ++ + ஆ என்றே பிரியும். அ + ++ஆ என்று நீங்கள் மனத்தில் நினைத்திருந்தாலும் கம்பைலர் அதைக் கணக்கில் கொள்ளாது.

அடுத்து பார்சர் இந்தச் சொற்களை மரமாக அடுக்குகிறது. நம் ஃபங்ஷனில் மரத்தின் உச்சியில் கூட்டல் நிற்கும், அதன் இடக்கிளையில் பெருக்கல், அதற்குக் கீழே மணியும் 5உம், வலக்கிளையில் படி. பெருக்கல் கூட்டலுக்கு முந்தியது என்ற விதி மரத்தின் அமைப்பிலேயே பதிந்துவிடுவதால் அடைப்புக்குறிகள் இதற்குமேல் தேவைப்படுவதில்லை. கல்லூரிப் பாடத்திட்டங்களில் இந்தப் பகுதிக்குத்தான் பாதி செமஸ்டர் செலவாகிறது. யாக் போன்ற கருவிகளைக் கொண்டு இலக்கண விதிகளிலிருந்து பார்சரைத் தானாக உருவாக்கக் கற்றுத்தருகிறார்கள். ஆனால் இன்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள பார்சர்கள் கையால் எழுதப்பட்டவை. ஜிசிசி தன் சி++ பார்சரை 2004இல் வந்த 3.4 பதிப்பிலும், சி பார்சரை 2006இல் வந்த 4.1 பதிப்பிலும் இப்படி மாற்றிக்கொண்டது. நல்ல பிழைச்செய்தி தருவதற்கும், சி குடும்ப மொழிகளின் கோணல்களைச் சமாளிப்பதற்கும் கையால் எழுதுவதே எளிதாக இருக்கிறது.

அந்தக் கோணல்களில் ஒன்றைப் பாருங்கள். நீளம் * அகலம்; என்று ஒரு வரி இருக்கிறது. நீளம் ஒரு மாறி என்றால் இது இரண்டு எண்களைப் பெருக்கி விடையைத் தூக்கி எறியும் ஒரு கூற்று. நீளம் என்பது டைப்டெஃப் மூலம் முன்பே அறிவிக்கப்பட்ட ஒரு வகையின் பெயர் என்றால், இதே வரி அகலம் என்ற பெயரில் ஒரு பாயின்டர் மாறியை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அறிவிக்கிறது. எழுத்து ஒன்றுதான், மரம் இரண்டு. எது சரி என்று தெரிய, இதுவரை எந்தப் பெயர் எதற்காக அறிவிக்கப்பட்டது என்ற அட்டவணையைப் பார்சர் புரட்டிப் பார்த்தாக வேண்டும். ஆக, இந்த முதல் கட்டத்திலேயே வரியை மட்டும் தனியே எடுத்து மொழிபெயர்க்க முடியாது.

மரம் கிடைத்ததும் வகைகளைச் சரிபார்க்கும் வேலை வருகிறது. பலர் இதை வெறும் பிழை பிடிக்கும் கட்டம் என்று கருதுகிறார்கள். உண்மையில் எந்தக் கட்டளை வர வேண்டும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. முழு எண்ணையும் டபுள் எனப்படும் தசம வகை எண்ணையும் கூட்டினால், முழு எண்ணை டபுளாக மாற்றும் ஒரு கணுவை நிரலர் எழுதாமலேயே கம்பைலர் மரத்தில் சேர்த்துவிடும். கேர் வகை மாறியைக் கணக்கில் பயன்படுத்தினால் அது முதலில் இன்ட் ஆக விரியும். இதைவிட நுட்பமானது குறியுள்ள எண்ணுக்கும் குறியற்ற எண்ணுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு குறியற்ற எண்ணை 2ஆல் வகுக்க, பிட்டுகளை ஓரிடம் வலப்புறம் நகர்த்தினால் போதும். எஸ்எச்ஆர் என்ற ஒரே கட்டளை. குறியுள்ள எண்ணுக்கு அது போதாது. -7ஐ 2ஆல் வகுத்தால் சி மொழி விதிப்படி விடை -3. ஆனால் குறியைக் காத்தபடி பிட்டுகளை நகர்த்தினால் கிடைப்பது -4. எனவே ஜிசிசி எண்ணின் குறி பிட்டைத் தனியே பிரித்தெடுத்து, அதை எண்ணுடன் கூட்டி, அதன் பிறகுதான் எஸ்ஏஆர் கட்டளையால் நகர்த்துகிறது. எண் எதிர்மமாக இருந்தால் ஒன்று கூடும், இல்லாவிட்டால் சுழியம் கூடும். வகுத்தல் குறி இரண்டு இடத்திலும் ஒன்றே. மாறியின் அறிவிப்பில் அன்சைன்ட் என்ற ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பதே கட்டளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

இதற்குப் பின் மரம் நேரடியாக அசெம்பிளி ஆவதில்லை. இடையில் ஒரு மொழி இருக்கிறது. ஜிசிசியில் அதன் பெயர் ஜிம்பிள். கிளாங்கின் பின்னால் இயங்கும் எல்எல்விஎம்மில் அது எல்எல்விஎம் ஐஆர் எனப்படுகிறது. நம் ஃபங்ஷன் அதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

த1 = மணி * 5
த2 = த1 + படி
ரிட்டர்ன் த2

ஒரு வரியில் ஒரு செயல் மட்டுமே. ஒவ்வொரு இடைவிடைக்கும் ஒரு பெயர். இந்த இடைமொழி இருப்பதால்தான் சி, சி++, ரஸ்ட், ஸ்விஃப்ட் என்று வெவ்வேறு மொழிகள் எல்எல்விஎம்முக்குள் வந்து, எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று வெவ்வேறு செயலிகளுக்குக் கட்டளைகளாக வெளியேற முடிகிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கம்பைலர் எழுத வேண்டியிருந்தால் அந்த வேலைக்கு முடிவே இராது.

இடைமொழியின் முக்கியமான குணம் வேறொன்று: எந்தப் பெயருக்கும் ஒரே ஒரு முறைதான் மதிப்பு தரப்படும். எஸ்எஸ்ஏ என்ற இந்த வடிவம் 1980களின் இறுதியில் ஐபிஎம் ஆய்வகத்தில் உருப்பெற்றது. எல்எல்விஎம் தொடக்கம் முதலே இதன்மேல் நிற்கிறது, ஜிசிசி 2005இல் 4.0 பதிப்புடன் இதற்கு வந்தது. நிரலில் படி = 0 என்று எழுதிவிட்டு, மணி 8ஐத் தாண்டினால் படி = 100 என்று மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பைலர் இதைப் படி1 = 0, படி2 = 100 என்று இரண்டு பெயர்களாகப் பிரித்து, இரண்டு வழிகளும் சேரும் இடத்தில் படி3 = ஃபை(படி1, படி2) என்று எழுதும்; எந்த வழியாக வந்தோமோ அந்த வழியின் மதிப்பு படி3 ஆகும் என்பது அதன் பொருள். நம் மாறி இப்போது மூன்று தனி மதிப்புகள். "இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது" என்ற வினாவுக்கு ஒரே விடை இருப்பதால், உகப்பாக்கம் செய்யும் பகுதிகள் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபை என்பது செயலியில் இருக்கும் கட்டளை அல்ல. பின்னால் அது ஒரு தாவலாகவோ, நிபந்தனை நிறைவேறினால் மட்டும் மதிப்பை நகர்த்தும் சிமூவ் என்ற கட்டளையாகவோ கரைந்துவிடும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். உகப்பாக்கம் இல்லாத -ஓ0 நிலையில் எக்ஸ்86-64 லினக்ஸில் ஜிசிசி தரும் பன்னிரண்டு கட்டளைகள் இவை:

புஷ் ஆர்பிபி
மூவ் ஆர்பிபி, ஆர்எஸ்பி
மூவ் [ஆர்பிபி-4], ஈடிஐ
மூவ் [ஆர்பிபி-8], ஈஎஸ்ஐ
மூவ் ஈடிஎக்ஸ், [ஆர்பிபி-4]
மூவ் ஈஏஎக்ஸ், ஈடிஎக்ஸ்
எஸ்ஏஎல் ஈஏஎக்ஸ், 2
ஆட் ஈடிஎக்ஸ், ஈஏஎக்ஸ்
மூவ் ஈஏஎக்ஸ், [ஆர்பிபி-8]
ஆட் ஈஏஎக்ஸ், ஈடிஎக்ஸ்
பாப் ஆர்பிபி
ரெட்

உபுண்டுவில் இதற்கு முன்னால் எண்ட்பிஆர்64 என்ற ஒன்று கூடுதலாக வரும். அது பாதுகாப்புக்கானது, கணக்கில் அதற்குப் பங்கில்லை. முதல் இரண்டு கட்டளைகள் இந்த ஃபங்ஷனுக்கான ஸ்டாக் பகுதியை, அதாவது நினைவகத்தில் அதற்கென உள்ள தற்காலிக இடத்தை, அமைக்கின்றன. லினக்ஸின் அழைப்பு மரபுப்படி முதல் இரண்டு முழு எண்கள் ஈடிஐ, ஈஎஸ்ஐ என்ற ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) வந்து சேரும். விடை ஈஏஎக்ஸில் இருக்க வேண்டும். இந்த மரபைக் கம்பைலர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது, ஏனென்றால் உங்கள் ஃபங்ஷனை அழைப்பது வேறொரு கம்பைலர் உருவாக்கிய கோப்பாக இருக்கலாம். வந்த மதிப்புகள் இரண்டும் ரெஜிஸ்டரில்தான் இருக்கின்றன. ஆனாலும் -ஓ0 நிலையில் அவை நினைவகத்துக்கு எழுதப்பட்டு, மறுகணமே அங்கிருந்து திரும்பப் படிக்கப்படுகின்றன. இது கம்பைலரின் அறியாமை அல்ல. இந்த நிலையில் ஒவ்வொரு மாறிக்கும் ஸ்டாக்கில் நிலையான ஓர் இடம் இருக்கும், ஒவ்வொரு கூற்று முடிந்ததும் சரியான மதிப்பு அந்த இடத்தில் இருக்கும் என்று கம்பைலர் உறுதி தருகிறது. அதனால்தான் டீபக்கரில் எந்த வரியிலும் நிறுத்தி, மாறியைப் பார்க்கவும் மாற்றவும் முடிகிறது. கட்டளைகள் கூடுவது அந்த உறுதிக்கான விலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உகப்பாக்கம் எதுவும் கேட்காத இந்தப் பட்டியலிலும் பெருக்கல் கட்டளை இல்லை. எஸ்ஏஎல் கட்டளை மணியை இரண்டு இடம் இடப்புறம் நகர்த்தி நான்கு மடங்காக்குகிறது. அதனுடன் மணியை ஒரு முறை கூட்டினால் ஐந்து மடங்கு. -ஓ0 என்பது "எழுதியதை அப்படியே மாற்று" என்று பொருள்படுவதாகப் பலர் நினைப்பது சரியல்ல என்பதற்கு இதுவே சான்று.

-ஓ2 நிலையில் கிடைப்பது:

லியா ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ+ஆர்டிஐ*4]
ஆட் ஈஏஎக்ஸ், ஈஎஸ்ஐ
ரெட்

லியா உண்மையில் நினைவக முகவரியைக் கணக்கிடுவதற்காக இன்டெல் வடிவமைத்த கட்டளை. வரிசையின் தொடக்கத்துடன் குறியெண்ணின் 1, 2, 4 அல்லது 8 மடங்கைக் கூட்டி முகவரியைத் தருவது அதன் வேலை. ஆனால் கூட்டப்படுவது முகவரியா கூலியா என்று செயலிக்குத் தெரியாது. மணியுடன் மணியின் நான்கு மடங்கைக் கூட்டினால் ஐந்து மடங்கு. கட்டளை ஒன்று மிச்சம். இடைமொழியில் உள்ள செயல்களை, செயலியிடம் உள்ள கட்டளைகளின் வடிவங்களோடு பொருத்திப் பார்த்து, குறைந்த செலவில் மூடும் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதே கட்டளைத் தேர்வு எனப்படும் கட்டம். ஒவ்வொரு செயலிக்கும் எந்த வடிவத்துக்கு எந்தக் கட்டளை, அதன் செலவு என்ன என்ற விவரங்கள் கம்பைலருக்குள் தனிக் கோப்புகளாக எழுதப்பட்டுள்ளன. இதே ஃபங்ஷனை 64 பிட் ஆர்ம் செயலிக்குக் கம்பைல் செய்தால் லியா இல்லை. ஆனால் ஆர்மின் கூட்டல் கட்டளையே ஒரு பக்கத்தை நகர்த்திக்கொண்டு கூட்ட வல்லது என்பதால் அங்கும் மூன்று கட்டளைகளே வருகின்றன. எக்ஸ்86இல் அந்த மூன்றும் 3, 2, 1 என மொத்தம் 6 பைட். ஆர்மில் ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 12.

கட்டளைத் தேர்வின் அழகு முழுதாகத் தெரிவது வகுத்தலில்தான். குறியற்ற 32 பிட் எண் ஒன்றை 10ஆல் வகுக்கும் ஃபங்ஷனை எழுதிப் பாருங்கள். எண்ணை இலக்கங்களாகப் பிரித்து அச்சிடும் எந்த நிரலிலும் இது வரும். ஜிசிசி தரும் பட்டியலில் டிவ் கட்டளை இருக்காது. அதற்குப் பதிலாக எண்ணை 3435973837 என்ற ஒரு விசித்திரமான எண்ணால் பெருக்கி, விடையை 35 இடம் வலப்புறம் நகர்த்தும் கட்டளைகள் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது? 2இன் 35ஆம் அடுக்கு 34359738368. அதைப் பத்தால் வகுத்தால் 3435973836.8, மேல்நோக்கி முழுமையாக்கினால் அந்த எண். அதாவது பத்தில் ஒரு பங்கை, 2இன் அடுக்கைப் பகுதியாகக் கொண்ட பின்னமாக எழுதியிருக்கிறார்கள். முழுமையாக்கியதால் 0.2 கூடிவிட்டதே, விடை தவறாதா என்று கேட்கலாம். 32 பிட் எண் எவ்வளவு பெரிதானாலும் அந்த மிகை இறுதி விடையில் 0.025ஐத் தொடாது, பத்தால் வகுக்கும்போது மீதமாக வரும் பின்னம் 0.9ஐத் தாண்டாது, இரண்டையும் கூட்டினாலும் அடுத்த முழு எண்ணை எட்டாது. எனவே விடை எல்லா எண்களுக்கும் மிகச் சரி. டோர்பியோர்ன் கிரான்லண்டும் பீட்டர் மான்ட்கோமரியும் 1994இல் இதைப் பொதுவான முறையாக, எந்த மாறிலிக்கும் பொருந்தும்படி நிறுவி வெளியிட்டார்கள். வகுத்தல் கட்டளை பெருக்கலைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கக்கூடியது என்பதால் இவ்வளவு சுற்றுவழியும் ஆதாயமாகிறது.

கட்டளைத் தேர்வுக்கு முன்பே, இடைமொழியின்மேல் நடக்கும் உகப்பாக்கங்கள் பல. மாறிலிகளை முன்பே கணக்கிடுவது, பயன்படாத விடைகளை நீக்குவது, சிறிய ஃபங்ஷன்களை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதுவது, சுழலுக்குள் மாறாத கணக்கை வெளியே கொண்டுவருவது என்று பட்டியல் நீளும். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பெயரிலிருந்தே ஊகித்துவிடலாம். எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒன்றுதான். 0 முதல் ன-1 வரை உள்ள எண்களை ஃபார் சுழலால் கூட்டும் ஒரு ஃபங்ஷனை எழுதி, கிளாங்கில் -ஓ2 கொடுத்துப் பாருங்கள். வெளியே வரும் அசெம்பிளியில் சுழலே இருக்காது. ன எதிர்மமா சுழியமா என்று பார்க்கும் ஒரு சோதனை, அதன் பிறகு ஒரு பெருக்கல், ஒரு பாதியாக்கல், சில கூட்டல் கழித்தல்கள், அவ்வளவே. ஒவ்வொரு சுற்றிலும் மாறிகள் எப்படி வளர்கின்றன என்பதை ஆராயும் ஒரு பகுதி எல்எல்விஎம்மில் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஒன்று கூடும் எண்ணைத் திரட்டினால் அது இருபடிக் கோவை என்று அது கண்டுகொண்டு, இறுதி மதிப்பை நேரடியாகக் கணக்கிடும் வாய்பாட்டை எழுதிவிடுகிறது. பெருக்கல் 32 பிட்டைத் தாண்டக்கூடும் என்பதால் அதை 64 பிட்டில் செய்கிறது. இந்த நான்கு வரி சுழலின் எந்த வரிக்கு எந்தக் கட்டளை என்று கேட்டால் விடை சொல்ல வழியில்லை.

இப்படி மாற்றுவதற்குக் கம்பைலருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? சி மொழியின் தரநிலை நிரலின் வெளிப்படையான விளைவுகளை மட்டுமே காக்கச் சொல்கிறது: கோப்பிலும் திரையிலும் எழுதப்படுவது, வாலட்டைல் என்று அறிவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுவது போன்றவை. உள்ளே சுழல் ஓடியதா, மாறி உண்மையில் இருந்ததா என்பவை அதற்குப் பொருட்டல்ல. தரநிலை விளைவையே வரையறுக்காமல் விட்ட இடங்களில் கம்பைலருக்கு உரிமை இன்னும் விரிகிறது. குறியுள்ள முழு எண் தன் எல்லையைத் தாண்டி வழிவது அத்தகைய ஓர் இடம். இன்ட் வகை எண் ஒன்றுக்கு எ + 1 > எ என்பதைச் சோதிக்கும் ஃபங்ஷனை எழுதினால், -ஓ2 நிலையில் ஜிசிசி எந்தச் சோதனையும் இல்லாமல் 1 என்ற விடையைத் திருப்பித் தரும் கட்டளையை மட்டும் வைக்கும். வழிதல் நேராது என்று கருதிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. எல்லையைச் சோதிக்க இப்படி எழுதிய பாதுகாப்பு வரிகள் இதனால் காணாமல் போவதுண்டு. பழியைக் கம்பைலர்மீது போடுவது வழக்கம். மொழியின் விதியை வாசிக்காமல் எழுதியதே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. அந்த விதியே இவ்வளவு கடுமையாக இருந்திருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம்.

அடுத்தது ரெஜிஸ்டர் பங்கீடு. இடைமொழியில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. த1, த2 என்று ஆயிரக்கணக்கில் வைக்கலாம். எக்ஸ்86-64 செயலியில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 16. அவற்றில் ஒன்று ஸ்டாக்கின் முனையைச் சுட்டுவதற்கே போய்விடும். 64 பிட் ஆர்மில் 31. அத்தனை மதிப்புகளையும் இந்தச் சில இடங்களில் எப்படி அடக்குவது? ரயிலில் ஒரே படுக்கை எண்ணை மதுரையிலிருந்து திருச்சி வரை ஒருவருக்கும், திருச்சியிலிருந்து சென்னை வரை இன்னொருவருக்கும் ஒதுக்குவது போலத்தான் இது. ஒரு மதிப்பு பிறக்கும் இடத்திலிருந்து கடைசியாகப் பயன்படும் இடம் வரை உள்ள பகுதி அதன் ஆயுள். ஆயுள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாத இரண்டு மதிப்புகள் ஒரே ரெஜிஸ்டரில் அமரலாம். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் கிரெகரி சைட்டின் இதை வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்காக மாற்றிக் காட்டினார். ஒவ்வொரு மதிப்பும் ஒரு புள்ளி. ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. கோட்டால் இணைந்தவற்றுக்கு ஒரே நிறம் கூடாது. நிறங்களின் எண்ணிக்கை ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கை. பொதுவான வரைபடத்துக்கு இந்தக் கணக்கை விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படவில்லை என்பதால் கம்பைலர்கள் தோராய முறைகளைக் கையாளுகின்றன. ஜிசிசி இன்றும் நிறம் தீட்டும் மரபைத் தொடர்கிறது. எல்எல்விஎம் 2011இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, ஆயுள்களைத் தேவைப்பட்ட இடத்தில் துண்டாக்கிக்கொண்டு போகும் வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. நிறங்கள் போதாவிட்டால் சில மதிப்புகள் ஸ்டாக்கில் எழுதப்பட்டுத் தேவைப்படும்போது மீண்டும் படிக்கப்படும். சுழலின் உள்ளே அடிக்கடி பயன்படும் மதிப்பை வெளியேற்றிவிட்டால் நிரல் கண்கூடாக மெதுவாகும். ஆகவே யாரை வெளியேற்றுவது என்பதே இங்கு பெரிய முடிவு.

இது புதிய தலைவலி அல்ல. ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு 1957இல் 704 கணினிக்கு வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலருக்கும் இதே சிக்கல் இருந்தது. அந்தக் கணினியில் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள் 3 மட்டுமே. கையால் எழுதிய அசெம்பிளிக்கு நிகரான வேகம் வராவிட்டால் எந்த நிரலரும் தங்கள் மொழியைத் தொடமாட்டார் என்று அந்தக் குழு அஞ்சியது. எனவே உலகின் தொடக்ககாலக் கம்பைலர்களில் ஒன்றே உகப்பாக்கத்தில் பெரும் உழைப்பைக் கொட்டிய கம்பைலராக அமைந்தது.

நம் ஃபங்ஷனில் இந்தச் சிக்கல் எதுவும் எழவில்லை. மணி ஈடிஐயில் வந்தது, அதன் ஆயுள் லியாவோடு முடிந்தது. படி ஈஎஸ்ஐயில் வந்தது, ஆட் கட்டளையோடு முடிந்தது. விடை ஈஏஎக்ஸில் பிறந்தது. நினைவகத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை என்பதால் ஸ்டாக் பகுதியை அமைக்கும் கட்டளைகளும் விழுந்துவிட்டன. பன்னிரண்டு மூன்றானதன் கணக்கு இதுதான்: நினைவகப் போக்குவரத்தும் அதற்கான ஏற்பாடுகளும் போனதில் பெரும்பகுதி குறைந்தது, லியாவைத் தேர்ந்தெடுத்ததில் எஞ்சியது குறைந்தது.

பிறகு வருவது கட்டளைகளின் வரிசையை மாற்றும் கட்டம். நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளையின் விடை வரச் சிறிது நேரம் ஆகும். அதற்காகக் காத்திருக்காமல், அதைச் சாராத வேறு கட்டளைகளை இடையில் நுழைப்பது ஆதாயம். இதனால் உங்கள் நிரலின் பத்தாம் வரிக்குரிய கட்டளை ஏழாம் வரிக்குரியதற்கு முன்னால் போய் நிற்கலாம். அசெம்பிளி உரை முடிவானதும் அசெம்பிளர் அதைப் பைட்டுகளாக்கும். வேறு கோப்பில் உள்ள ஃபங்ஷன்களின் முகவரிக்குரிய இடங்களைக் காலியாக விட்டுக் குறிப்பு எழுதிவைக்கும். கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அவற்றை நிரப்பும். இந்த இரண்டும் கம்பைலரின் வேலையோடு ஒப்பிட்டால் நேர்வழியில் நடப்பவை.

டீபக்கர் தாவுவதன் காரணம் இப்போது தெளிவாகியிருக்கும். கம்பைலர் ஒவ்வொரு கட்டளை முகவரியும் எந்த வரியிலிருந்து பிறந்தது என்ற அட்டவணையை ட்வார்ஃப் என்ற வடிவத்தில் கோப்பில் எழுதிவைக்கிறது. டீபக்கர் அதை மட்டுமே நம்பி நடக்கிறது. கட்டளைகளின் வரிசை மாறியிருந்தால் அட்டவணையின் வரி எண்களும் 7, 10, 7, 8 என்று மாறி மாறித்தான் வரும். டீபக்கர் அதையே திரையில் காட்டுகிறது. மாறியைப் பார்க்க முயலும்போது அது உகப்பாக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வருவதும் இதனால்தான்: ரெஜிஸ்டரில் அந்த மதிப்பின் ஆயுள் முடிந்து, அந்த இடத்தில் வேறொன்று அமர்ந்துவிட்டது. டீபக் செய்யும் காலத்தில் -ஓ2 வேண்டாம். -ஓ0 மிக மெதுவாக இருந்தால், ஜிசிசி 2013இல் 4.8 பதிப்பில் இதற்கென்றே கொண்டுவந்த -ஓஜி நிலையைப் பயன்படுத்துங்கள். டீபக்கரைக் குழப்பாத உகப்பாக்கங்களை மட்டும் அது செய்யும். இடைக்கட்டங்களை நேரில் பார்க்க விரும்பினால், அசெம்பிளியோடு நிறுத்தும் -எஸ் தேர்வோடு ஜிசிசியின் இடைமொழியைக் கோப்பாக எழுதித்தரும் எஃப்டம்ப்-ட்ரீ தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, இதே கூலி ஃபங்ஷனை இரண்டு நிலைகளிலும் ஓட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். முதலில் -ஓ0 பட்டியலின் ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் சொல்ல முடிந்த பிறகு -ஓ2 பக்கம் போவது நல்லது.